வக்கீல் வண்டியில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை

ஓசூர்ப் பக்கம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒருவர் ரோஜாப்பூ வாங்கி வருவார். இன்னொருவர் டைட்டன் கைக்கடிகாரம் வாங்கி வந்து, “தொழிற்சாலை இருக்கிற ஊரிலேயே வாங்கியதாக்கும்!” என்று பெருமை அடித்துக் கொள்வார். மாம்பழக் காலமானால் கிருஷ்ணகிரியில் இறங்கி ஒரு கூடை சுமந்து வராவிட்டால் வீட்டில் உள்ளே விடமாட்டார்கள். நான் போன போது மாம்பழமும் இல்லை, ரோஜாவும் விலை ஏறிக் கிடந்தது. ஆகையால் ஒரு வக்கீலின் பேச்சை வாங்கி வந்திருக்கிறேன். அதுவும் இலவசமாக! வக்கீலிடம் இலவசமாகப் பேச்சு வாங்கினவன் என்று என்னை நீங்கள் சந்தேகத்தோடு பார்ப்பது தெரிகிறது. பொறுத்துக் கேளுங்கள். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் உங்களைப் பற்றித்தான், வாசகிகளே!

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் ‘ஹொஸ ஊரு’ என்றால் புது ஊர். பெயர் வைத்த காலத்தில் எப்படி இருந்ததோ, இன்றைக்கு ரொம்பப் பொருத்தம். ஏறக்குறைய 2900 அடி உயரத்தில், சாயங்காலம் நாலு மணிக்கே சால்வையைத் தேடச் செய்யும் குளிரோடு, சந்திர சூடேசுவரர் மலையின் அடியில் தூங்கிக் கொண்டிருந்த ஊர் இது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அப்புறம் தூக்கம் ஏது? அசோக் லேலண்ட் லாரி, 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட், அதன் பிறகு டைட்டன் கடிகாரம் என்று வரிசையாகப் புறப்பட ஆரம்பித்தன. இப்போது மின்சாரத்தில் ஓடும் ஏதர் ஸ்கூட்டர்கள் ஓசூரிலிருந்தும், ஓலா ஸ்கூட்டர்கள் இதே ஜில்லாவில் உள்ள போச்சம்பள்ளியிலிருந்தும் புறப்படுகின்றன. 2019-ல் ஊருக்கு மாநகராட்சிப் பட்டமும் கிடைத்துவிட்டது.

ஷிப்டு மாறும் வேளையில் ஓசூர்ச் சாலையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஜன்னலோரம் எல்லாம் இளம் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் பூ, கண்ணில் தூக்கம். கடைத் தெருவிலோ தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பது கன்னடத்தில் நடக்கும். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, கர்நாடக ராஜ்யம். காலையில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் நடுவழியில் ஒருவருக்கொருவர் ஹாரன் அடித்துக் கொள்கிறார்கள்.

இந்த ஊரில்தான் நம் வக்கீல் நண்பர் முப்பது வருஷமாகத் தொழில் நடத்துகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். அவருடைய விசேஷம் மோட்டார் விபத்து வழக்குகள். அவருடைய இன்னொரு விசேஷம் அவருடைய கார். இருபத்தைந்து வயதான அம்பாஸடர். சுற்றிலும் புதுப்புது வண்டிகளைச் செய்து தள்ளுகிற ஊரில் இதை ஓட்டுகிறாரே என்று கேட்டேன்.

“சார், என் கட்சிக்காரர்கள் எல்லாம் லாரி மோதிக் காலை இழந்தவர்கள், பிள்ளையைப் பறி கொடுத்தவர்கள். நான் பளபளவென்று காரில் போய் இறங்கினால், ‘நம்ம காசிலே வாங்கினதோ?’ என்று தோன்றுமா, தோன்றாதா? இந்த வண்டியைப் பார்த்தால் அவர்களுக்கு என் மேலேயே இரக்கம் வந்துவிடும்!” என்றார்.

கிருஷ்ணகிரிக் கோர்ட்டில் அன்று அவருக்கு ஒரு வழக்கு. “வாருங்கள், பேசிக் கொண்டே போகலாம்” என்று அழைத்தார். ஏறிக் கொண்டேன். ஐம்பது கிலோ மீட்டர். புதுக் கார் ஒரு மணியில் போய்விடும். நாங்கள் ஒன்றரை மணி நேரம் போனோம். பேச்சுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

முன்னால் ஒரு கே.ஏ. நம்பர் கார், பின்னால் ஒரு டி.என். 70, பக்கத்தில் இன்னொரு கே.ஏ. “இந்த எல்லைப் பக்கத்தில் நம்பர் பலகையைப் பார்த்து யார் எந்த ஊர் என்று சொல்ல முடியாது” என்றார் நண்பர். “வேறு மாநிலத்துக்கு வந்த வண்டி 12 மாதத்துக்கு மேல் தங்கினால் புது நம்பர் எடுத்துக் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். கல்யாணமான பெண் இனிஷியல் மாற்றிக் கொள்கிற மாதிரி! ஆனால் பெண்கள் மாற்றிக் கொள்கிறார்கள், வண்டிகள் மாற்றிக் கொள்வதில்லை. வரி கட்ட வேண்டுமே! ஊர் ஊராக மாற்றலாகிற உத்தியோகஸ்தர்களுக்காக 2021-ல் ‘பி.எச்.’ என்று ஒரு வரிசை நம்பர் கொண்டு வந்தார்கள். அது இருந்தால் மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்ற வேண்டியதில்லை.”

எல்லையில் விபத்து நடந்தால் எந்த ஊர்க் கோர்ட்டுக்கு ஓடுவது? எனக்கு இருந்த சந்தேகம் உங்களில் பலருக்கும் இருக்கும். அத்திப்பள்ளியில் அடிபட்டால் கர்நாடகத்துக்குத்தான் அலைய வேண்டுமென்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்களாம். அப்படி இல்லை. விபத்து நடந்த இடம், நஷ்ட ஈடு கேட்பவர் குடியிருக்கும் இடம், எதிராளி குடியிருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம். ஓசூர்க்காரர் ஓசூரிலேயே போடலாம்.

பேரண்டப்பள்ளியைத் தொட்டதும் நண்பர் காரின் வேகத்தைக் குறைத்தார். குறைப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் சானமாவுக் காடு. பனிக் காலத்தில் யானைக் கூட்டங்கள் கேழ்வரகுக் கொல்லையைத் தேடி வந்து, இந்தத் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்காகக் கடப்பதுண்டு. “யானை மேல் வழக்குப் போட முடியாது, சார். யானைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது” என்றார்.

இங்கிருந்து கிளை பிரிந்து கொஞ்ச தூரம் போனால் தொரப்பள்ளி. கிராமத்து முன்சீப்பின் மகனாக 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ம் தேதி ராஜாஜி பிறந்த ஊர். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூரிலும் சென்னையிலும் மேலே படித்து, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பிறந்த வீடு இன்றும் நினைவு இல்லமாக இருக்கிறது. அடக்கமான வீடு, கவர்னர் ஜெனரல் பிறந்த வீடென்று சொன்னால்தான் தெரியும்.

நண்பருக்கு ராஜாஜியின் மேல் வேறு காரணத்துக்காக மதிப்பு. பிரதம மந்திரியாக இருந்து 1937 அக்டோபர் 1-ம் தேதி அவர் மதுவிலக்கை முதன் முதல் அமுல் நடத்தியது சேலம் ஜில்லாவில். அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேர்த்தி. “எண்பது வருஷம் கழித்து, நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்து வழக்காடினதும் ஒரு தமிழ்நாட்டு வக்கீல்தான், கே. பாலு” என்று நினைவூட்டினார். 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது. அடுத்த வருஷமே சிற்றூர்களுக்கு 220 மீட்டர் என்று குறைந்தது. நகராட்சி எல்லைக்குள் விதிவிலக்கும் வந்தது. “ஸ்டீரிங்கைப் பிடிக்கிற கை கிளாஸைப் பிடித்தால் என் மாதிரி ஆட்களுக்குத்தான் வருமானம்” என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

அப்போது எங்களைத் தாண்டிக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் தலையில் கனகாம்பரம். மடியில் குழந்தை. முந்தானை காற்றில் பறந்தது.

“பார்த்தீர்களா? வீட்டுக்கு ஒரே ஒரு ஹெல்மெட். அதுவும் ஐயாவுக்கு!” என்றார் நண்பர். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. அது மட்டுமா? பின்னால் உட்காருகிறவர் பிடித்துக் கொள்ளக் கைப்பிடி இருக்க வேண்டும். கால் வைக்க இடம் இருக்க வேண்டும். உடுப்பு சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு இருக்க வேண்டும். மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. புடைவை கட்டுகிற பெண்களை நினைத்து எழுதிய விதி என்றே சொல்லலாம். அழகுக்குக் குறைச்சல் என்று பிள்ளைகள் அந்த மறைப்பைக் கழற்றி எறிந்துவிடுகிறார்களாம். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

எட்டிப் பார்க்கும் போதே, பீரோவில் இருக்கும் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் பார்த்து விடுங்கள். இதைச் சொல்லும்போது நண்பர் காரை ஓரமாக நிறுத்திவிட்டே சொன்னார். (இஞ்சின் ஆற வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம்.) ‘மூன்றாம் நபர்’ காப்பு மட்டும் எடுத்த ஸ்கூட்டரில் கணவன் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து போகிறாள். எதிரே யாரும் இல்லை. கணவனே தவறிப் பள்ளத்தில் விட்டு விடுகிறான். மனைவிக்கு நஷ்ட ஈடு உண்டா? இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை. சட்டத்துக்காக எடுக்கும் குறைந்தபட்சக் காப்பில் பின்னால் ஓசியில் உட்காருகிறவர் சேர மாட்டார் என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முழுக் காப்பு எடுத்திருந்தால் சேருவார். வித்தியாசம் வருஷத்துக்குச் சில நூறோ ஆயிரமோ. “வண்டி வாங்கும் போது நிறத்தை மனைவியிடம் கேட்கிறார்கள், சார். எந்தக் காப்பு எடுக்கலாம் என்று ஒருவனும் கேட்பதில்லை!”

சூளகிரியில் தேநீர் குடித்தோம். கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிய வேன் ஒன்று கடையோரம் நின்றது. தேநீரிலும் மல்லி வாசனை. அங்கேதான் நான் அன்றைய வழக்கு என்னவென்று கேட்டேன்.

இந்தப் பக்கத்துக் கிராமம். புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் போயிருக்கிறார்கள். பின்னாலிருந்து லாரி மோதிற்று. புருஷன் கை முறிந்து பிழைத்தான், அவள் பிழைக்கவில்லை. வயது 38. இரண்டு குழந்தைகள். லாரியின் மேல்தான் தப்பு என்பதில் தகராறு இல்லை. எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் தகராறு.

“போன வாய்தாவில் புருஷனை விசாரித்தார்கள். ‘உன் மனைவி என்ன வேலை பார்த்தாள்?’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘சும்மா வீட்டிலேதானுங்க இருந்தா!’” நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். “முப்பது வருஷமாகக் கேட்கிறேன், சார், இந்தச் ‘சும்மா’வை. பொண்டாட்டி மேலே உயிரையே வைத்திருந்தவன்தான். கூண்டிலே ஏறினதும் அந்த வார்த்தைதான் வருகிறது. அந்த ஒரு வார்த்தைக்கு விலை பத்து லட்சம் ரூபாய்!”

பத்து லட்சமா என்று நான் வாயைப் பிளந்தேன். கடைக்காரரிடம் ஒரு காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்களும் போட்டுப் பாருங்கள். பால் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை.

இறந்தவருடைய மாத வருமானத்தை எடுத்துக் கொள்ள வேண்டும். 40 வயதுக்குள் இருந்து, நிரந்தர உத்தியோகம் இல்லாதவரானால், பிற்காலத்தில் கூடியிருக்கும் என்று அதோடு 100-க்கு 40 சேர்க்க வேண்டும். வருஷக் கணக்காக்கி, புருஷனும் இரண்டு குழந்தைகளும் நம்பியிருந்தால், சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதியை வயதுக்குத் தக்கபடி பெருக்க வேண்டும். 36-லிருந்து 40 வயது வரை 15-ஆல். இந்தப் பெருக்கல் முறையை 2009-லும், 40 சதவிகித விஷயத்தை 2017-லும் சுப்ரீம் கோர்ட்டு திட்டமாக வரையறுத்துவிட்டது.

இல்லத்தரசியின் உழைப்பை ஒரு நாளைக்கு 100 ரூபாய், அதாவது மாதம் 3,000 என்று வைத்தால், கடைசியில் வருவது 5,04,000 ரூபாய். ஒரு நாளைக்கு 300 ரூபாய், மாதம் 9,000 என்று வைத்தால் 15,12,000. பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! அடக்கச் செலவு முதலியவையும் வட்டியும் இதற்கு வெளியே.

“கூலிக்காரனுக்குக் கூலி இருக்கிறது, குமாஸ்தாவுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. அம்மாவுக்கு என்ன சீட்டு இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுக் காரைக் கிளப்பினார்.

இந்தக் கேள்வி கோர்ட்டுகளில் நடந்து வந்த பாதை, நாங்கள் போன சாலையைப் போலவே வளைந்து வளைந்து போவது. 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தோடு ஓர் அட்டவணையைச் சேர்த்தார்கள். சம்பாத்தியமே இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய். மனைவியானால் புருஷனுடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரே மாதிரி சமைத்து, ஒரே மாதிரி துவைக்கிற இரண்டு பெண்களில் மானேஜர் மனைவிக்கு ஒரு விலை, மேஸ்திரி மனைவிக்கு ஒரு விலை! ஜாம்ஷெட்பூரில் 1989-ல் ஒரு விழாப் பந்தல் தீப்பற்றிய கோரத்தைப் பற்றிய வழக்கில், இல்லத்தரசியின் சேவைக்குக் குறைந்தது மாதம் 3,000 ரூபாய் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு மதிப்புப் போட்டது. அன்றைக்கு அது பெரிய காரியம். 2010-ல் இன்னொரு வழக்கு. 2001-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில், சமைத்து, பெருக்கி, பிள்ளை வளர்க்கும் பெண்களை ‘வேலை செய்யாதவர்’ என்று எழுதி, பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருந்தார்கள். அதைச் சுட்டிக் காட்டி நீதிபதி கண்டித்தார்.

டில்லியில் 2014-ல் ஒரு தம்பதி மோட்டார் சைக்கிளில் போகும் போது கார் மோதி இருவருமே இறந்து போனார்கள். குழந்தைகள் மிஞ்சின. அந்த வழக்கு 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. ஐகோர்ட்டு 22 லட்சமாகக் குறைத்திருந்ததை 33 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினார்கள். நீதிபதி ரமணா தனியாக எழுதிய பகுதியை நண்பர் நாலைந்து தடவை படித்திருக்கிறார். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி வீட்டு வேலையே முக்கியத் தொழில் என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி. ஆண்கள் சுமார் 58 லட்சம். சர்க்கார் 2019-ல் எடுத்த கணக்குப்படி சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். (இந்த 97-ஐப் படித்ததும் “எந்த வீட்டில்?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சராசரி என்றால் அப்படித்தான், அம்மா. எங்கேயோ ஒரு புண்ணியவான் எல்லோருக்குமாகச் சேர்த்துச் செய்திருப்பார்.) ஆகையால் இல்லத்தரசிக்கும் உத்தேச வருமானம் போட வேண்டும், பிற்காலத்துக்கென்று அந்த 40 சதவிகிதத்தையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. 2024 பிப்ரவரியில் ஒரு படி மேலே போய், எப்படிப் பார்த்தாலும் இல்லத்தரசியின் மதிப்பு ஒரு தினக்கூலியாளின் வருமானத்துக்குக் குறைவாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கென்னவோ இதுவும் போதாது என்றே படுகிறது. தினக்கூலியாளுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு.

மேலுமலையில் சாலை இறங்க ஆரம்பித்ததும் நண்பர் பேச்சை நிறுத்திக் கொண்டார். பிரேக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லாததால் நானும் பேசவில்லை. பாறைக் குன்றுகள், நடுவே மாந்தோப்பு, வலத்திலும் இடத்திலும் கன்டெய்னர் லாரிகள். குருபரப்பள்ளியைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் ஒரு புள்ளி விவரம் சொன்னார்: 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் 17,884 பேர். “இதிலே எத்தனை பேர் வீட்டிலே ‘சும்மா’ இருந்தவர்களோ!” என்றார்.

கிருஷ்ணகிரி, சென்னைச் சாலையும் சேலத்துச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் வந்து கூடும் ஊர். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. கோட்டை மலையைப் பார்க்க எனக்கு ஆசை. கோர்ட்டில் பத்தரை மணிக்குக் கூப்பிட்டு விடுவார்களென்று நண்பர் விடவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு கிழவி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். இறந்த பெண்ணின் மாமியார். அவளைத்தான் அன்று சாட்சியாகக் கொண்டு வந்திருந்தார் நண்பர். “பெரியம்மா, பயப்படாதீங்க. கேட்டதுக்கு, நடந்ததைச் சொல்லுங்க. அது போதும்” என்றார். “எனக்கென்ன பயம், சாமி?” என்றாள் கிழவி. தெலுங்கு வாடை வீசும் தமிழ்.

டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிழவி கூண்டில் ஏறினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க மருமக வேலைக்குப் போகலை, இல்லையா?”

“போகலீங்க.”

“சம்பளம், வருமானம் எதுவும் கிடையாது?”

“அவ கையிலே காசு கொடுத்தது யாருங்க? பால் காசு சொசைட்டியிலே எம் மகன் பேருக்கு வரும். பட்டுக்கூடு வித்த காசும் அவன் பேருக்குத்தான் வரும்.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “பட்டுக்கூடா? யார் வளர்த்தது?”

“அவதானுங்க. பூச்சிக்கு ராத்திரியிலேயும் எழுந்து மல்பெரித் தழை போடணும். கூடு கட்டற சமயம் சந்திரிகையிலே எடுத்து விடணும். அப்போ தூக்கமே கிடையாது. ரெண்டு கறவை மாடு. அதுக்குப் புல் அறுக்கணும். எனக்கு முழங்கால் வலி. வெந்நீர் வெச்சு ஊத்துவா. புள்ளைங்களுக்குப் பாடம் அவதான் சொல்லிக் கொடுப்பா. எட்டாவது படிச்சவ.”

“இப்போது அதையெல்லாம் யார் செய்கிறார்கள்?”

கிழவி சற்றே யோசித்தாள். “யாருமில்லீங்க. மாட்டை வித்துட்டோம். பூச்சி வைக்கிறதில்லே. தழை காட்டிலேயே முத்திக் கெடக்குது. புள்ளைங்களைக் காசு கொடுத்து டியூசன் அனுப்பறோம். துவைக்க ஒரு பொண்ணு வருது, அதுக்கும் காசு. சமையல் நான் பண்றேன். கரிஞ்சு போவுது.”

டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. மாடுகளை எவ்வளவுக்கு விற்றார்கள், டியூஷனுக்கு மாதம் எவ்வளவு, துவைக்கிற பெண்ணுக்கு எவ்வளவு என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக் கொண்டார். இளம் வக்கீல் வேறு கேள்வி இல்லையென்று உட்கார்ந்தார். பிறகு வராந்தாவில் எங்களைக் கடந்து போகும்போது, “சார், பாட்டி என்னைக் கூண்டிலே ஏத்திட்டாங்க!” என்று நண்பரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாதத்துக்காக வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தீர்ப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். “அதை வக்கீலிடம் கேட்கக் கூடாது, ஜோசியரிடம் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் ‘சும்மா’வுக்குப் பதில் இன்றைக்கு ரிக்கார்டில் ஏறிவிட்டது” என்றார்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் என்ன செய்வது? இதை உங்களுக்காகவே கேட்டு வைத்தேன். பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷச் சட்டம் கொடுத்திருக்கிற உரிமை. ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தாலும் வழி சொல்வார்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டாலும் கையை விரித்துவிட வேண்டாம். உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயமானால் 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரலிலிருந்து ஏற்பாடு இருக்கிறது. விபத்தானவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் திட்டமும் 2025 மே மாதத்தில் வந்திருக்கிறது. மனுப் போட 6 மாதக் கெடு என்று 2019-ம் வருஷத் திருத்தம் சொல்கிறது. அது நியாயமா என்று சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போயிருக்கிறது. போனால் போகட்டும், நீங்கள் தாமதிக்காதீர்கள்.

நண்பர் ஒரு கையெழுத்து வாங்குவதற்காகக் கிழவியைத் தேடினார். அவள் கோர்ட்டு வாசலில் நின்று கொண்டிருந்தாள். மறுநாள் வந்து போடலாமா என்றாள். இப்போதே போட்டுவிடலாம், இரண்டு நிமிஷ வேலை, அப்புறம் காரிலேயே ஊர் வரைக்கும் விட்டு விடுகிறேன் என்றார் நண்பர். கிழவி அம்பாஸடரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேணாம் சாமி. நாலு மணிக்குப் புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடும். நான் பஸ்ஸிலேயே போயிடறேன்” என்று சொல்லிவிட்டு, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து, சூளகிரி பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டாள்.